பகல் வானில் மறைந்த வெள்ளி

சோழமண்டலக் கடற்கரையில், வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில், சிதம்பரத்திற்குக் கிழக்கே பரங்கிப்பேட்டை என்னும் பழைய துறைமுகப் பட்டினம் இருக்கின்றது. போர்ச்சுக்கீசியர் இதனைப் ‘போர்ட்டோ நோவோ’ என்று அழைத்தனர். புதிய துறைமுகம் என்பது அதன் பொருள். ‘மஹ்மூது பந்தர்’ என்ற பெயரும் இவ்வூருக்கு உண்டு. அந்நாளில் பல நாட்டுக் கப்பல்கள் இங்கு வந்து சென்றன. இந்நாளில் பெருங்கப்பல்கள் வருவதில்லை. ஆயினும், மீன்பிடி படகுகள் கழிமுகத்தின் வழியே கடலுக்குச் செல்வதையும் கரை திரும்புவதையும் நாள்தோறும் காணலாம்.

கடலை நம்பி வாழ்வோர் வானத்தை மறந்து வாழ இயலாது. கிழக்கே விடிவெள்ளி தோன்றினால் விடியல் நெருங்கிவிட்டது என்பதை அவர்கள் அறிவார்கள். கழிமுகத்தில் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் திங்களைப் பொறுத்தவை என்பதையும் அறிவார்கள். இன்று ஒரு வேளையில் ஏறிய ஓதம், நாளை அதே வேளையில் ஏறுவதில்லை. ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தியே ஏறும். நாளை மறுநாள் இன்னும் 50 நிமிடம் பிந்தும். இந்த 50 நிமிடக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பாடத்தில் நாம் காணவிருக்கும் ஓர் அரிய வான நிகழ்ச்சிக்கு இதுவே திறவுகோல்.

2023 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24 ஆம் நாள், வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் ரமலான் நோன்பின் முதல் நாளும் அதுவே. அன்று மாலை இருள் பரவியபொழுது, மேற்கு வானில் இளம்பிறை விளங்கிற்று. அதன் அடியில், தொங்கவிட்ட முத்தைப் போல் ஒரு பேரொளிப் புள்ளி மின்னிற்று. ஊர்தோறும் மக்கள் வீதிகளிலும் மொட்டை மாடிகளிலும் நின்று அக்காட்சியைக் கண்டு வியந்தனர். அப்புள்ளி விண்மீன் அன்று. வெள்ளி என்னும் கோள். பிறையும் வெள்ளியும் அவ்வளவு நெருங்கி நிற்பது எப்பொழுதும் காணக் கிடைப்பதன்று.

ஆனால், உண்மையான நிகழ்ச்சி அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. பிற்பகலில், கதிரவன் மேற்கே இன்னும் ஒளி வீசிக்கொண்டிருந்தபொழுதே, திங்கள் வெள்ளிக்கு முன்னால் வந்து அதனை முற்றிலும் மறைத்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் வெள்ளி திங்களின் பின்னால் மறைந்திருந்தது. பிறகு மறுபுறத்தே வெளிப்பட்டது. மாலையில் மக்கள் கண்டு வியந்தது, அந்நாடகம் முடிந்தபின் அரங்கில் எஞ்சி நின்ற காட்சியே. நாடகம் பகலில், அனைவருடைய தலைக்கு மேலும் நடந்தது. அதை அறிந்து அண்ணாந்து பார்த்தவர் மிகச் சிலரே.

ஒரு வான்பொருள் மற்றொன்றின் முன்னால் வந்து அதனை முழுதும் மறைத்தலை ‘மறைப்பு’ என்று வானநூலார் கூறுவர். சந்திர கிரகணத்தினின்றும் இது வேறுபட்டது. சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் திங்கள்மேல் விழுகின்றது. மறைப்பிலோ, நிழலுக்கு வேலையில்லை. தெருவில் செல்லும் வண்டி எதிர்வீட்டு விளக்கைச் சிறிது நேரம் மறைப்பது போன்றதே இது.

‘பகலில் கோளைக் காண முடியுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். விண்மீன்களும் கோள்களும் இரவில் மட்டும் வானத்திற்கு வருவன அல்ல. அவை பகலிலும் வானத்தில் உள்ளன. கதிரவன் ஒளி காற்றில் பட்டு எத்திசையும் சிதறுவதால் வானம் முழுதும் நீலமாக ஒளிர்கின்றது. அவ்வொளியில் விண்மீன்களின் சிற்றொளி கரைந்துவிடுகின்றது. நண்பகலில் முற்றத்தில் ஏற்றிவைத்த அகல்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். நம் கண்ணுக்குத்தான் அதன் சுடர் புலப்படுவதில்லை.

இந்நிலையிலும் பகலின் ஒளியை மீறித் தெரியும் ஆற்றல் வெள்ளிக்கு உண்டு. ஞாயிறும் திங்களும் நீங்கலாக, வானத்தில் எப்பொழுதும் காணத்தக்கவற்றுள் மிகுந்த ஒளியுடையது அதுவே. அதனை அடர்ந்த வெண்மேகங்கள் போர்வைபோல் மூடியுள்ளன. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ முக்காற்பங்கை அம்மேகங்கள் திருப்பி அனுப்புகின்றன. திங்களின் தரையோ, நாம் நினைப்பது போல் வெண்மையானதன்று. அது கருமை கலந்த கல்லும் தூளும் நிறைந்தது; தன்மேல் விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்கையே திருப்பி அனுப்பவல்லது. ஆதலின், பகல் வானில் திங்கள் வெளிறிய முகில் துணுக்குப் போல் தோன்றும்பொழுது, அருகிலுள்ள வெள்ளி கூர்மையான வெண்புள்ளியாகத் தெரியும்.

அப்படியாயின், நாம் ஏன் அதைப் பகலில் காண்பதில்லை? எங்கே பார்ப்பது என்று அறியாமையே முதற்காரணம். மற்றொரு காரணமும் உண்டு. வெறும் நீல வானத்தைப் பார்க்கும்பொழுது, நம் கண் எத்தொலைவில் பார்வையை நிறுத்துவது என்று தெரியாமல் தடுமாறும். அருகே ஒரு பொருள் இருந்தால் பார்வை அதில் ஊன்றி நிற்கும். அவ்வாறு ஊன்றுகோலாக அமைவது திங்களே. வெள்ளி திங்களை நெருங்கும் நாளில், முதலில் திங்களைக் கண்டுகொண்டால், வெள்ளியைக் காண்பது எளிதாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை மிகவும் இன்றியமையாதது. பகலில் வானத்தை நோக்குவோர் கதிரவனை ஒருபோதும் நேரே பார்த்தல் கூடாது. தொலைநோக்கி வழியே கதிரவனைத் தவறிப் பார்த்தாலும் கண்ணொளி கெட்டுவிடும். ஆதலால், கதிரவனை முற்றிலும் மறைக்கும் ஒரு கட்டடத்தின் நிழலில் நிற்க வேண்டும். 2023 ஆம் ஆண்டு நிகழ்ச்சியின்பொழுது வெள்ளி கதிரவனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 36 பாகை விலகி இருந்தது. பிற்பகலில் மேற்கே இறங்கிய கதிரவனை ஒரு வீட்டுச் சுவர் மறைத்துக்கொள்ள, அதற்கு மேலே உயரத்தில் நின்ற பிறையை அச்சமின்றி நோக்கியிருக்கலாம். சிறுவர்கள் பெரியோர் துணையின்றித் தொலைநோக்கியைப் பகலில் கையாளலாகாது.

இனி, அக்காட்சி எவ்வாறு இருந்திருக்கும் என்பதைப் பார்ப்போம். வளர்பிறையின் தொடக்க நாளாதலால், திங்களின் வட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே ஒளி பெற்றிருந்தது. மார்ச்சுத் திங்களில் நம் நாட்டின் மேற்கு வானில் இளம்பிறை, இரு முனைகளும் மேல்நோக்க, நீரில் மிதக்கும் தோணிபோல் கிடக்கும். ஒளி பெற்ற விளிம்பு கதிரவனை நோக்கிக் கீழே இருக்கும். இருண்ட பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கும். பகலில் அவ்விருண்ட பகுதி நமக்குத் தெரியாது. அதன்மேலும் வானத்தின் நீலமே படர்ந்திருக்கும். தோணியின் மேல் வெற்று வானம் இருப்பதாகவே தோன்றும்.

வெள்ளி அத்தோணிக்கு நேர் மேலே, சற்று எட்டத்தில் நின்றது. தோணி மெல்ல மெல்ல அதனை நோக்கி ஏறிற்று. பிறையின் ஒளிவிளிம்பைத் தொடுவதற்கு நெடுநேரம் முன்பே, ஒன்றுமில்லாத நீல வெளியில், வெள்ளி தேய்ந்து தேய்ந்து இல்லாமற் போயிற்று. காண்பவர்க்கு இது மாயமாகவே தோன்றும். ஆனால் அது வெற்று வெளியன்று. திங்களின் இருண்ட விளிம்பு அங்கே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அவ்விளிம்பின் இருப்பை வெள்ளியின் மறைவு நமக்குக் காட்டிக்கொடுத்தது. பின்னர், தோணியின் அடிப்புறத்தே, ஒளிவிளிம்பை ஒட்டி, வெள்ளி ஒரு சிறு பொறிபோல் மீண்டும் வெளிப்பட்டது.

வெள்ளி ஏன் கண்ணிமைக்கும் நேரத்தில் மறையாமல் தேய்ந்து மறைந்தது? வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தோன்றினும், தொலைநோக்கியில் அது ஒரு சிறு தட்டாகத் தெரியும். அத்தட்டைத் திங்களின் விளிம்பு கடந்து முடிக்க அரை நிமிடமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். விண்மீன்களோ அளவிடற்கரிய தொலைவில் இருப்பதால் புள்ளிகளாகவே நிற்கின்றன. திங்கள் ஒரு விண்மீனை மறைக்கும்பொழுது, விளக்கை ஊதி அணைத்தது போல் அது ஒரு நொடியில் மறைந்துவிடும். திங்களைச் சுற்றி நம் பூமிக்கு இருப்பது போன்ற காற்று மண்டலம் இருந்திருந்தால், விண்மீன் முதலில் மங்கிப் பின்பே மறைந்திருக்கும். அவ்வாறு மங்காமையால், திங்களில் அத்தகைய காற்று இல்லை என்பதை மனிதன் அங்கே கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே அறிஞர் உணர்ந்துகொண்டனர்.

திங்கள் எவ்வாறு வெள்ளியை எட்டிப் பிடித்தது என்பதே அடுத்த வினா. திங்கள் கிழக்கே எழுந்து மேற்கே மறைவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அது பூமியின் சுழற்சியால் தோன்றும் தோற்றம். கடலூரிலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் இரயில் வண்டியை எண்ணிக்கொள்ளுங்கள். அதனுள் ஒருவர் வண்டி செல்லும் திசைக்கு எதிராக மெல்ல நடக்கின்றார். அவரும் சிதம்பரம் நோக்கித்தான் செல்கின்றார். ஆயினும், உட்கார்ந்திருக்கும் மற்றவர்களைவிடச் சிறிது சிறிதாகப் பின்தங்குகின்றார். திங்களும் அவ்வாறே. எல்லா வான்பொருள்களோடும் சேர்ந்து அது மேற்கு நோக்கிச் செல்வதாகத் தோன்றினும், தான் பூமியைச் சுற்றி வருவதால், விண்மீன்களுக்கிடையே கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றது. ஒரு மணி நேரத்தில் அது நகரும் தொலைவு ஏறத்தாழ அரைப் பாகை. அதாவது, தன் வட்டத்தின் அகலம். ஒரு நாளில் அது 13 பாகை பின்தங்கிவிடுகின்றது.

இவ்வாறு பின்தங்குவதால்தான் திங்கள் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழுகின்றது. ஓதமும் அத்துடன் பிந்துகின்றது. வெள்ளாற்றுக் கழிமுகத்தில் ஓதம் பிந்துவதும், பகல் வானில் வெள்ளி மறைவதும் ஒரே இயக்கத்தின் இரு விளைவுகள். திங்களின் இவ்வியக்கத்தை நாம் மற்ற நாட்களில் நேரே காண்பதில்லை. கடிகாரத்தின் சிறிய முள்ளைப் போல், அது நகர்வது தெரியாமலே நகர்கின்றது. மறைப்பு நிகழும் நாளில் மட்டும், அது நம் கண்முன்னே நகர்வதைக் காணப் பெறுகின்றோம்.

மறைப்பு மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. மறைக்கும் பொருள் அருகில் இருக்க வேண்டும். மறைவது அதற்கு அப்பால் இருக்க வேண்டும். பழங்கால கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், பாதித் திங்கள் செவ்வாயை மறைத்ததைத் தாம் கண்டதாக எழுதியுள்ளார். செவ்வாய் இருண்ட பக்கத்தில் மறைந்து, ஒளிப்பக்கத்தில் வெளிப்பட்டது என்று கூறி, செவ்வாயைக் காட்டிலும் திங்களே நமக்கு அண்மையில் உள்ளது என்பதற்கு அதனைச் சான்றாகக் காட்டினார். அந்நிகழ்ச்சி கி.மு. 357 இல் நடந்திருத்தல் வேண்டும் என்று பிற்காலத்தார் கணக்கிட்டுள்ளனர். தொலைநோக்கி இல்லாத காலத்தில், கண்ணும் கருத்துமே கருவிகளாகப் பெற்ற முடிவு அது. 2023 ஆம் ஆண்டு நிகழ்ச்சியின்பொழுது, வெள்ளி திங்களைக் காட்டிலும் ஏறத்தாழ 500 மடங்கு தொலைவில், சற்றேறக்குறைய 18 கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. வானத்தில் அவ்விரண்டும் முத்தமிடுவது போல் தோன்றியது நம் பார்வையின் மயக்கமே.

திங்கள் திங்கள்தோறும் வானத்தை ஒரு முறை வலம் வருகின்றது. அங்ஙனமாயின், திங்கள்தோறும் வெள்ளி மறைய வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழ்வதில்லை. பூமி கதிரவனைச் சுற்றும் தளத்திற்குத் திங்களின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. அதனால், அது பெரும்பாலும் கோளுக்கு மேலோ கீழோ விலகிச் சென்றுவிடும். நேர்ப்பட்டாலும் உலகம் முழுதும் மறைப்புத் தெரிவதில்லை. கை நீட்டி ஒரு விரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடித் தொலைவிலுள்ள ஒரு தென்னையைப் பாருங்கள். பிறகு அக்கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறியது போல் தோன்றும். திங்கள் நமக்கு அண்மையில் இருப்பதால், வெவ்வேறு ஊரினர்க்கு அது வானத்தில் சற்று வெவ்வேறு இடங்களில் தோன்றுகின்றது. ஓர் ஊரில் வெள்ளியை மறைக்கும் திங்கள், மற்றோர் ஊரில் அதனை உரசாமலே சென்றுவிடக்கூடும்.

இத்தகைய நிகழ்ச்சிகளை அறிஞர் ஆண்டுகளுக்கு முன்பே கணித்துக் கூறுகின்றனர். திங்களின் இயக்கத்தைக் கணிக்கும் கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தார், திங்களின் இடத்தைக் கூறும் 248 வாக்கியங்களை மனப்பாடமாகக் கொண்டிருந்தனர். பரங்கிப்பேட்டைக்கு வடக்கே கடற்கரையில் உள்ள புதுச்சேரியில், லெ ஜென்டில் என்னும் பிரெஞ்சு வானநூலார் இக்கணிப்பு முறையைத் தமிழரிடம் நேரில் கேட்டறிந்தார். சோழிகளைக் கொண்டு எண்ணி, நினைவிலிருந்த வாக்கியங்களைப் பயன்படுத்தி, ஒரு தமிழர் கிரகணத்தைக் கணித்ததைக் கண்டு அவர் வியப்புற்றார். 1765 ஆம் ஆண்டின் சந்திர கிரகணம் நீடித்த காலத்தை, தமிழரின் கணக்கு 41 நொடி குறைத்துக் காட்டியது என்றும், ஐரோப்பிய அட்டவணை 68 நொடி மிகுத்துக் காட்டியது என்றும் அவர் எழுதிவைத்தார்.

அவர் புதுச்சேரிக்கு வந்ததும் வெள்ளியைக் காண்பதற்கே. கதிரவனுக்கு முன்னால் வெள்ளி கடந்து செல்லும் அரிய நிகழ்ச்சி 1761 இலும் 1769 இலும் நேர்ந்தது. முதல் நிகழ்ச்சிக்காக அவர் புறப்பட்டு வருவதற்குள், புதுச்சேரி போரில் ஆங்கிலேயர் வசமாயிற்று. நிகழ்ச்சி நடந்த அன்று அவர் கடலில் இருந்தார். ஆடும் கப்பலிலிருந்து அளவெடுக்க இயலவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்காக எட்டு ஆண்டுகள் கீழ்த்திசைக் கடல்களிலேயே காத்திருந்தார். 1769 ஜூன் 4 ஆம் நாள் காலையில், புதுச்சேரியில், எல்லாக் கருவிகளும் ஆயத்தமாக இருந்தபொழுது, மேகம் திரண்டு கதிரவனை மறைத்துவிட்டது. நிகழ்ச்சி முடிந்த பின்னரே வானம் வெளுத்தது. 1771 இல் அவர் தாயகம் திரும்பியபொழுது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் அவருடைய உடைமைகளைப் பங்கிட முற்பட்டிருந்தனர். அவர் தேடி வந்தது கிடைக்கவில்லை. எனினும், காத்திருந்த நாட்களில் தமிழரின் கணிதத்தைக் கற்று உலகிற்கு எடுத்துரைத்தமையால், அவருடைய பயணம் வீணாகவில்லை.

மறைப்பு வெறும் வேடிக்கையன்று. அதனால் விளைந்த பயன்களும் உண்டு. ஒரு விண்மீனைத் திங்கள் மறைக்கும் நேரத்தை இரண்டு ஊர்களில் துல்லியமாகக் குறித்து, இடத்திற்கு இடம் திங்களின் தோற்றம் மாறுவதையும் கணக்கிட்டால், அவ்வூர்களின் நெடுங்கோட்டு வேறுபாட்டை அறியலாம். கடற்கரைகளின் படம் வரைவதற்கு முற்காலத்தில் இம்முறை உதவிற்று. அண்மைக் காலத்திலும் தமிழ்நாட்டிலிருந்து இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1977 மார்ச்சு 10 ஆம் நாள், யுரேனஸ் என்னும் தொலைதூரக் கோள் ஒரு விண்மீனை மறைத்தது. சவ்வாது மலையில் உள்ள காவலூர் வான் ஆய்வு நிலையத்தில், பட்டாச்சார்யா, குப்புசாமி என்னும் இருவர் அதனை நோக்கினர். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் குன்றியதை அவர்கள் பதிவு செய்தனர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த ஆய்வு விமானத்திலிருந்து அமெரிக்க அறிஞரும் இத்தகைய ஒளிக்குறைவுகளைக் கண்டனர். யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருப்பது இவ்வாறே வெளிப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத வளையங்களை, ஒளி மறைந்த சில நொடிகள் காட்டிக்கொடுத்தன.

மாணவர்களே! பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் நின்றாலும், உங்கள் பள்ளி முற்றத்தில் நின்றாலும், வானம் ஒன்றே. பகலில் வானம் வெறுமையாகத் தோன்றுவதால் அது வெறுமையாகிவிடாது. 2023 ஆம் ஆண்டில் அந்தப் பிற்பகலில் இலட்சக்கணக்கானோர் தலைக்கு மேல் வெள்ளி மறைந்தது. அவ்வேளையில் வானத்தை நோக்க வேண்டும் என்பது தெரியாமையால் அவர்கள் அதைக் காணவில்லை. அறிவு முன்னே சென்று இடத்தைக் காட்டினால் கண் பின்னே சென்று பொருளைக் காணும். அடுத்த வளர்பிறையின்பொழுது, கதிரவன் மறையுமுன்னரே, ஒரு சுவரின் நிழலில் நின்று பிறையைத் தேடிப் பாருங்கள். அதன் அருகே ஒரு விண்மீனோ கோளோ தெரிந்தால், அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். திங்கள் நகர்ந்திருப்பதை நீங்களே காண்பீர்கள்.